வலிகாமத்தில் பாட்டுப் போடும் தொழில்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில் கோப்பாய்க்கு அடுத்ததாக நீர்வேலி வருகிறது. வலிகாமம் கிழக்கின் செம்மண் பூமி; வாழைத் தோட்டங்களுக்குப் பேர் போன ஊர். கந்தசுவாமி கோயில், அரசகேசரிப் பிள்ளையார் கோயில், வாய்க்காற்தரவைப் பிள்ளையார் கோயில் என்று கோயில்களுக்கும் குறைவில்லை. மேற்கே உரும்பிராய், வடக்கே சிறுப்பிட்டியும் புத்தூரும், தெற்கே கோப்பாய். இந்த ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியும் எங்காவது ஓரிடத்தில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். கோயிலில் கொடியேறினால் பாட்டு. கலியாண வீட்டுக்கு முதல் நாள் பின்னேரமே பாட்டு. சாமத்திய வீட்டுக்கும் பாட்டு. சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்கும் விளையாட்டுக் கழகத்துப் போட்டிக்கும் பாட்டோடு அறிவிப்பும் வேண்டும்.

ஒலிபெருக்கி கட்டி, பாட்டுப் போட்டு, வாடகை வாங்குவது குடாநாட்டில் பல தசாப்தங்களாக ஒரு தனித் தொழில். கிராமபோன், றெக்கோட் பிளேயர், கசற், சீடி, லப்டொப், இப்போது டீஜே கொன்ட்ரோலர் என்று இந்தத் தொழிலின் நடுக்கருவி தலைமுறைக்கு ஒருமுறையாவது மாறியிருக்கிறது. பழையதை ஒதுக்கிவிட்டு எதை வாங்குவது என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறது. உலகச் சந்தையில் எது புதிது என்பது இங்கே அந்தக் கேள்விக்கு விடையாக இருந்தது குறைவு. மின்சாரம் எங்கிருந்து வரும், பழுதானால் யார் திருத்துவார், கொட்டகையில் தனி ஒருவர் அதை வைத்து விடிய விடியச் சமாளிக்க முடியுமா என்பவையே தீர்மானித்தன.

ஒலிபெருக்கி வருவதற்கு முன் திருவிழாவின் ஒலி மேளத்தின் ஒலி. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு வட்டாரத்தின் உபயமாக இருக்கும். நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றைய உபயகாரர் நாலு கூட்டம் பிடிப்பார். அளவெட்டியும் இணுவிலும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தாய்வீடுகள். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரக் கலைஞர் அளவெட்டி என்.கே.பத்மநாதன் ஆகியோரின் கச்சேரிகளுக்குச் சனம் மைல் கணக்கில் நடந்து வந்தது. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் வீதியில் உட்கார்ந்து விடியும்வரை கேட்டது. சத்தத்திலும் வெளிச்சத்திலும் அடுத்த உபயத்தை மிஞ்ச வேண்டும் என்ற அந்தப் போட்டிதான் பின்னர் ஒலிபெருக்கிக்காரருக்கும் வேலை கொடுத்தது. நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கி அவசியமே இல்லை. ஆனாலும் மேளக்காரருக்கு முன்னால் மைக் வந்து நின்றதற்கு இந்த மனநிலையே காரணம்.

மின்னால் இயங்கும் குழல் ஒலிபெருக்கியை 1915இல் கலிபோர்னியாவில் பீற்றர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அது தெற்காசியாவின் அரசியல் கூட்டங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வந்து சேர்ந்தது. டெல்லியில் 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் அம்ப்ளிஃபயர்களும் குழல்களும் இந்தியாவைப் போலவே இலங்கைத் தமிழ் ஊர்களிலும் பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டன. குழல் இந்த மண்ணில் நின்று நிலைத்ததற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி தனக்குக் கிடைக்கும் மின்வலுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே ஒலியாக மாற்றும். குழலின் வாய் விரிவு காற்றோடு நன்றாக இசைந்து வேலை செய்வதால், அது நூற்றுக்கு இருபது பங்கு வரைகூட ஒலியாக்கும். முப்பது, ஐம்பது வாற் அம்ப்ளிஃபயர் ஒன்றோடு தென்னையின் உச்சியில் இரண்டு குழல்களைக் கட்டினால் பக்கத்து ஊருக்கும் பாட்டுக் கேட்டது இதனால்தான். தாழ்ந்த சுரங்கள் குழலில் வராது; மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். குரலும் நாதஸ்வரமும் மட்டும் வெட்டவெளியில் துல்லியமாகப் போய்ச் சேரும். ஊருக்கு வேண்டியதும் அதுவே. இங்கே ஒரு கலியாண வீடு இருக்கிறது என்று நாலு பக்கமும் தெரிந்தால் போதும்.

அந்த அம்ப்ளிஃபயர்களில் பல, வீட்டு மின்சாரத்திலும் 12 வோல்ற் கார் பற்றரியிலும் ஓடக்கூடியவை. வாங்குபவர் முதலில் பார்த்தது இந்த வசதியைத்தான். 1950களின் இறுதியில் சுன்னாகத்தில் மின்நிலையம் வந்தது. ஆனால் அங்கிருந்து கம்பி ஊர் ஊராக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சேர நீண்ட காலம் பிடித்தது. தோட்ட வெளிக்கு நடுவிலுள்ள கோயிலுக்கும் பனங்காணிக்குள் இருக்கும் வீட்டுக்கும் பற்றரிதான் கதி. 60 அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரி ஒன்று சிறிய அம்ப்ளிஃபயரை ஓர் இரவு தாக்குப்பிடிக்கும். இரண்டாம் நாளுக்கு வேறு பற்றரி சைக்கிள் கரியரில் வரவேண்டும், அல்லது இதையே சார்ஜ் பண்ணி எடுத்துவர வேண்டும்.

பாட்டின் ஊற்று அப்போது கிராமபோன் தட்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் இயங்கிய தொழிற்சாலையில் அச்சான தட்டுகள் சென்னை வழியாகவும் கொழும்பு வழியாகவும் யாழ்ப்பாணம் வந்தன. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். ஊசியை மாற்றி, தட்டைத் திருப்பி, மீண்டும் வைக்க வேண்டும். பாட்டுப் போடுபவருக்கு இருந்த இடத்தை விட்டு எழும்ப வழியில்லை. பிள்ளையார் பாட்டில் தொடங்கி, முருகன் பாட்டு ஒன்றிரண்டு போட்டு, பிறகு படப்பாட்டுக்குப் போவது என்ற ஒழுங்கு இந்தத் தட்டுகளின் காலத்திலேயே உறுதியாகிவிட்டது. சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம்.சௌந்தரராஜனும் குடாநாட்டின் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அறிமுகமானது இந்தக் குழல்கள் வழியாகத்தான்.

எதற்குப் பின் எது வரவேண்டும் என்ற அறிவை ஒலிபெருக்கிக்காரர் வானொலியிடமிருந்து கற்றார். கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் றேடியோ சிலோன் ஆனது. 1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் வர்த்தக சேவையில் பாட்டுகளைக் கோத்த விதம் தமிழ்நாட்டுக் கரையிலும் கேட்டது. பாட்டு முடியும் கணத்தில் குரல் வந்து விழுவது, குரல் ஓயும் கணத்தில் அடுத்த பாட்டின் முதல் இசை எழுவது, இடையில் ஒரு விநாடியும் வெறுமையாக விடாதது ஆகிய நுட்பங்களைக் கலியாண வீட்டு மைக்கில் பார்த்துப் பழகிய இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பின்னாளில் டீஜே என்ற பெயரில் வந்த கலையின் பாதி இது. மற்றப் பாதி நியூயோர்க்கிலிருந்து வருவதற்கு முன்பே இது யாழ்ப்பாணத்தில் இருந்தது.

ஆடவைக்கும் இசையும் இருந்தது. நீர்வேலிக்கு மேற்கே உள்ள உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய பொப் பாடல்களும் ஏ.ஈ.மனோகரனின் பாடல்களும் 1960களின் கடைசியிலிருந்து எழுபதுகள் முழுவதும் கலியாண வீடுகளிலும் சுற்றுலா பஸ்களிலும் ஒலித்தன. மேடையில் கோஷ்டிகள் என்று அழைக்கப்பட்ட இசைக்குழுக்கள் இரவிரவாகப் பாடின. கோஷ்டிக்கு ஐந்தாறு மைக் வேண்டும், அதைக் கலக்க மிக்சர் வேண்டும். இரண்டு மைக்கும் ஒரு தட்டும் வைத்திருந்த ஒலிபெருக்கிக்காரர் ஒலிக் கலவையைக் கற்கும் கட்டாயத்துக்கு உள்ளானது இந்த மேடைகளில்தான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசற் எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தத் தொழிலுக்குள் வந்து, எண்பதுகளில் தட்டை முற்றாக வெளியேற்றியது. ஒலித்தரத்தில் நல்ல தட்டை விடக் கசற் தாழ்ந்தது. இருந்தும் அது வென்றது. தட்டுச் சுழலும் மேசைகளில் பெரும்பாலானவை வீட்டு மின்சாரத்தின் விநாடிக்கு 50 அலைகளை நம்பிச் சுழலும் மோட்டார் கொண்டவை. ஜெனரேற்றரில் சுமை கூடினால் அலை குறையும். அலை குறைந்தால் தட்டு மெதுவாகும். பாடகரின் சுருதி எல்லோர் காதிலும் இறங்கும். கசற் பிளேயரின் மோட்டார் நேர்மின்னோட்டத்தில் வேகக் கட்டுப்பாட்டோடு ஓடுவதால் அந்தச் சிக்கல் இல்லை. கீறல் விழாது, வெயிலில் வளையும் தட்டைப் போலப் பயமுறுத்தாது, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் ஐம்பது அடங்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய வசதி, விரும்பிய பாட்டை விரும்பிய ஒழுங்கில் பதியலாம் என்பது. யாழ்ப்பாண நகரத்து றெக்கோடிங் பார்களில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் சில நாட்களில் கசற் தயாராக இருக்கும்.

கசற்காலத்து மேசை ஒன்றில் நடந்தது நுணுக்கமான வேலை. இரண்டு டெக், நடுவே சிறிய மிக்சர், பக்கத்தில் வரிசையாகக் கசற்கள். ஒவ்வொரு கசற்றும் எந்தப் பாட்டில் நிற்க வேண்டுமோ அந்த இடம் வரை முன்கூட்டியே சுற்றி வைக்கப்பட்டிருக்கும். டெக்கில் போட்டுச் சுற்றினால் மின்சாரம் வீண், மோட்டாரும் தேயும். அதனால் ஆறு பட்டை பேனையைப் பல்லுச் சக்கரத்துக்குள் விட்டுக் கையால் சுழற்றுவார்கள். நாடாவின் எந்தத் தடிப்பில் எந்தப் பாட்டு வரும் என்பது கண்ணளவாகவே தெரியும். ஒரு டெக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் பிளேயையும் போஸையும் சேர்த்து அழுத்தி வைத்து, முதல் பாட்டின் கடைசிச் சுரம் மங்கும்போது போஸை விடுவிப்பார்கள். நாடாவின் துகள் படிந்து ஒலி மங்கினால் டெக்கின் காந்தத் தலையைப் பஞ்சும் ஸ்பிரிற்றும் கொண்டு துடைப்பது, தலையின் சாய்வைச் சிறிய திருகாணியால் காதுக்கு ஒத்துச் சரிசெய்வது எல்லாம் தொழிலின் பகுதி. வேறொருவரின் டெக்கில் பதிந்த கசற் இங்கே மூக்கடைத்தது போலப் பாடினால் அரைச்சுற்றுத் திருகில் அது சரியாகும்.

எண்பதுகளில் இதே வாடகைக் கடைகள் தொலைக்காட்சியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் சேர்த்து வாடகைக்கு விட்டன. முற்றத்தில் பாய் விரித்து ஒரே இரவில் மூன்று நாலு படம் பார்ப்பது பழக்கமாயிற்று. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் கூடக்கூட விடியும்வரை நடந்த திருவிழாக்கள் சுருங்கின.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது; அது பல ஆண்டுகள் திரும்பி வரவில்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், சாதாரண டோர்ச் பற்றரி உட்பட நீண்ட பட்டியலில் இருந்த பொருட்களைக் கொண்டுவரத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றில் மிகவும் மதிக்கப்பட வேண்டிய காலம் இது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற் தரும். அது தருவது ஆடலோட்டம். நாலு டையோட்டும் ஒரு கொண்டென்சரும் வைத்தால் வானொலிப் பெட்டிக்கும் சிறிய கசற் பிளேயருக்கும் ஏற்ற மின் கிடைக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, அல்லது ஸ்ராண்டில் விட்டு மிதித்து, பிபிசி தமிழோசையின் செய்தியைக் கேட்ட வீடுகள் குடாநாடெங்கும் இருந்தன. மிதிப்பவரின் கால் தளர்ந்தால் பாட்டும் தளரும்.

ஊருக்குக் கேட்க 3 வாற் போதாது. அதற்கு லொறி பற்றரிகளும், மண்ணெண்ணெய்க்கு மாற்றிய இயந்திரங்களும் வந்தன. மோட்டார் சைக்கிளையும் காரையும் கொஞ்சம் பெற்றோலில் உதைத்து மண்ணெண்ணெயில் ஓடவைக்கும் வித்தையை யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அந்த ஆண்டுகளில் கைவரப்பெற்றார்கள். கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு இறைக்கும் சிறிய இயந்திரங்களுக்குப் பழகிய நீர்வேலி போன்ற ஊர்களில் அந்தக் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. இக்காலத்தில் புதுக் கருவி வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு டெக்கின் பெல்ற் அறுந்தால் இன்னொரு செத்த டெக்கிலிருந்து வரும். குழலின் யூனிற் எரிந்தால் சுருளைக் கழற்றிக் கையால் மறுபடி சுற்றுவார்கள். ஒரு மாதிரி அம்ப்ளிஃபயர் ஊரில் பத்துப் பேரிடம் இருந்தால், அந்தப் பத்தில் இரண்டு உதிரிப்பாகமாகி மீதி எட்டை உயிரோடு வைத்திருந்தது. பலரிடம் இருக்கும் மாதிரியையே வாங்கு என்ற விதி இந்தப் பட்டறிவில் பிறந்தது. அது இன்றுவரை இங்கே மாறவில்லை.

1995 ஒக்ரோபர் 17ஆம் திகதி தொடங்கிய ரிவிரெச இராணுவ நடவடிக்கை புத்தூர், நீர்வேலி வழியாகக் கோப்பாயை நோக்கி நகர்ந்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தது. கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களால் அம்ப்ளிஃபயரையும் குழலையும் தூக்க முடியாது. 1996இல் திரும்பியவர்களில் பலருக்கு வீட்டின் கூரையே மிஞ்சவில்லை. ஒலிபெருக்கித் தொழில் பல இடங்களில் வெறுங்கையிலிருந்து மறுபடி தொடங்கியது. ஊரடங்கு இருந்ததால் கலியாணங்கள் பகலுக்கு மாறின. பொருட்கள் கப்பலில் வந்ததால் விலை கொழும்பை விடப் பல மடங்கு.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது சீடி பிளேயர்களும் எம்பி3 தட்டுகளும் லொறி லொறியாக வந்து இறங்கின. ஒரு எம்பி3 தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு அடங்கும். கசற் பெட்டிகள் பரணுக்குப் போயின. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டு, பழையபடி இருப்பதைத் திருத்தி ஓட்டும் நிலை வந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகே இந்தத் தொழில் முழுதாக உருமாறியது. தேசிய மின்வலையமைப்பின் கம்பி குடாநாட்டைத் தொட்டது, 2014இல் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது, திருமண மண்டபங்கள் எழும்பின. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கமிருந்து உறவுகள் விடுமுறையில் வந்து கலியாணங்களை வைத்தன. அவர்கள் தங்கள் ஊர் மண்டபங்களில் பார்த்த டீஜேயை இங்கேயும் கேட்டார்கள்.

டீஜே கலையின் மற்றப் பாதி மேற்கிலிருந்து வந்தது இப்போதுதான். 1973 ஓகஸ்ற்றில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் கூல் ஹேர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு மேசைகளில் மாறி மாறி ஓடவிட்டுத் தாளத் துண்டை நீட்டினார். டெக்னிக்ஸ் 1979இல் வெளியிட்ட எஸ்எல்-1200 எம்கே2 மேசை, படிகத்தால் கட்டுப்படுத்திய மோட்டாரோடும் வேகத்தை நூற்றுக்கு எட்டுவரை கூட்டிக் குறைக்கும் நெம்போடும் வந்து உலக கிளப்புகளின் பொதுக்கருவி ஆயிற்று. பயனியர் 1994இலும் 2001இலும் கொண்டுவந்த சீடிஜே கருவிகள் அந்த வேலையைச் சீடிக்கு மாற்றின. 2003இல் ஹேர்க்குலிஸ் நிறுவனம் இரண்டு சக்கரங்களையும் மிக்சரையும் ஒலி அட்டையையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, கணினியோடு ஒரு யூஎஸ்பி கம்பியால் இணைத்தது. டீஜே கொன்ட்ரோலர் என்ற வகை அதிலிருந்து வளர்ந்தது. பாட்டு லப்டொப்பில் இருக்கும். கை கொன்ட்ரோலரில் இருக்கும்.

வலிகாமம் தட்டிலிருந்து நேராகக் கசற்றுக்கும், சீடியிலிருந்து நேராக லப்டொப்புக்கும் பாய்ந்தது. டெக்னிக்ஸ் மேசையும் சீடிஜேயும் கொழும்பு ஹோட்டல்களோடு பெரும்பாலும் நின்றுவிட்டன. முதலில் லப்டொப்பும் மௌஸும் மட்டுமே இருந்தன. 2010களில் கொன்ட்ரோலர் வந்தது. அது வந்ததும் கசற்காலத்து இரண்டு டெக்கும் நடு மிக்சரும் ஒரே பெட்டியில் திரும்பி வந்ததாகப் பழைய கைகள் கண்டுகொண்டன. பேனையால் சுற்றிய இடத்தில் இப்போது, பாட்டின் குறித்துவைத்த இடத்துக்குத் தாவும் கியூ பொத்தான்.

கருவி சிறுத்தது, ஆனால் மின்சாரப் பசி பெருத்தது. ஆடலுக்குத் தாழ்ந்த சுரம் வேண்டும். குழல் அதைத் தராது. பதினெட்டு அங்குல பேஸ் பொக்ஸுகள் ஆயிரக்கணக்கான வாற் கேட்கும். தென்னையில் கட்டிய குழலுக்கு ஒரு கார் பற்றரி போதுமாக இருந்த ஊரில் இன்று லொறியில் ஜெனரேற்றர் வருகிறது. சட்டமும் குறுக்கே வந்தது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முன்பே கட்டாயம். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதியைப் பொதுவாக வழங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விடிய விடியப் பாடிய மரபு சட்டப்படி முடிவுக்கு வந்தது. இரவு மூன்று மணி நேரத்துக்குள் எல்லா ஆட்டத்தையும் அடக்க வேண்டியிருப்பதால் கருவி இடையில் நின்றுபோனால் ஈடுசெய்ய நேரமில்லை. நம்பகத்தின் விலை கூடியது.

2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. பல மின்னணுப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய கொன்ட்ரோலரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் கரகரத்தால் புதிதை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தொண்ணூறுகளில் செய்ததையே மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. மூடியைத் திறந்து, ஃபேடரைக் கழற்றி, அதன் கரித்தடத்தில் படிந்த செம்மண் தூசியைக் கொன்ராக்ட் கிளீனரால் கழுவி, தேய்ந்த தடத்தில் எண்ணெய் தொட்டுப் பூட்டுவது.

மாற்றுக் கொன்ட்ரோலர் தெரிவதில் இன்று இந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டியவை அந்த வரலாற்றின் தொடர்ச்சி. முதலாவது, மின். பயனியரின் டீடீஜே-400, டீடீஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற சிறிய கருவிகள் லப்டொப்பின் யூஎஸ்பி மின்னிலேயே ஓடும். ஜெனரேற்றர் நின்றால் அம்ப்ளிஃபயர் ஊமையாகும், ஆனால் பாட்டு லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும். மின் திரும்பிய கணமே ஒலி திரும்பும். தனி மின்னிணைப்பு வேண்டிய பெரிய கருவி அணைந்து, மறுபடி எழும்பி, மென்பொருளோடு கைகோக்க நேரமாகும். பெரியதை வாங்குவோர் அதற்கென ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, வெளியீடு. சிறியவற்றில் ஆர்சிஏ துளைகள் மட்டும் உண்டு. மேசைக்குப் பக்கத்திலேயே மிக்சர் இருந்தால் அது போதும். மண்டபத்தின் மறுகோடிக்கு நீளக் கம்பி இழுத்தால் ஜெனரேற்றரின் இரைச்சல் பாட்டுக்குள் ஏறும். டீடீஜே-1000 போன்றவற்றில் உள்ள எக்ஸ்எல்ஆர் சமனிலை வெளியீடு ஒரே சமிக்ஞையை எதிரெதிராக இரண்டு கம்பியில் அனுப்பி, முனையில் கழித்து, இரைச்சலை நீக்கும். சிறிய கருவியே கைக்குக் கிடைத்தால் இடையில் சமனிலைக்கு மாற்றும் ஒரு டீஐ பெட்டி போடுவது மலிவான தீர்வு.

மைக் பற்றி வெளிநாட்டு அளவுகோல்கள் இங்கே பொருந்தாது. கிளப் டீஜேக்கு மைக் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. யாழ்ப்பாணத்து மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணை அழைப்பது முதல் சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடுவது வரை எல்லாம் மைக்கில்தான். அறிவிப்பாளரின் குரலுக்குத் தனி ஒலியளவும் உயர்-தாழ் சுரக் கட்டுப்பாடும் இல்லாத கொன்ட்ரோலரோடு தனி மிக்சர் ஒன்றையும் காவ வேண்டும். வாங்கும் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் மாறினால் வேலை இரட்டிக்கும். செராட்டோ மென்பொருளில் ஆயிரம் பாட்டுக்குப் போட்டு வைத்த கியூ புள்ளிகளும் தாள அளவுகளும் றெக்கோட்பொக்ஸுக்கு அப்படியே போகா. மாற்றுக் கருவிகள் உண்டு, முழுமையாக மாறுவதில்லை. தமிழ்ப் பாட்டுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். கணினித் தாளத்தில் பதிவான புதிய பாட்டை மென்பொருள் தானாக அளந்துவிடும். எழுபதுகளின் இளையராஜாவும் எம்.எஸ்.விஸ்வநாதனும் உயிருள்ள கைகளால் தாளம் வாசிக்கவைத்த பாட்டில் வேகம் நூலளவு ஏறி இறங்கும். அதற்குத் தாளப் புள்ளியைக் கையால் இட வேண்டும். அப்படி உழைத்துக் கட்டிய சேகரிப்பைக் கைவிடாமல் இருக்க, முன்பிருந்த மென்பொருளையே ஏற்கும் கருவியை எடுப்பதுதான் புத்தி. லப்டொப்பே வேண்டாம் என்று திரையும் கணினியும் உள்ளேயே கொண்ட டெனன் பிரைம் 4 போன்றவற்றுக்குப் போகலாம். பழுதானால் பார்ப்பவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா என்று அதற்கு முன் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக உடல்வாகு. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ கடனீரேரிக்கோ தூரமில்லை. உப்புக் காற்றும் செம்மண் தூசியும் சேர்ந்து ஃபேடரையும் யூஎஸ்பி துளையையும் தின்னும். உறையோடு வரும், துளை தளராத, ஃபேடரைத் தனியாகக் கழற்றக்கூடிய கருவி நீடிக்கும். பழையது வாங்கினால், ஒவ்வொரு ஃபேடரையும் முழு நீளத்துக்கும் மெதுவாக ஓடவிட்டு ஹெட்போனில் கரகரப்பைக் கேட்பது, யூஎஸ்பி கம்பியை மெல்ல ஆட்டிப் பார்ப்பது, இரண்டு சக்கரத்தையும் தொட்டு நிறுத்திப் பார்ப்பது வழக்கம். சோதனையை விற்பவரின் கடையிலுள்ள சீரான மின்சாரத்தோடு முடித்துவிடக் கூடாது. பேஸ் பொக்ஸுகளை முழுச் சுமையோடு இழுக்கும் ஜெனரேற்றரில் அதை ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே காசு கைமாற வேண்டும்.